மெலிந்து வரும் சுடுதண்ணீர்

தீபாவளிக்கு முந்திய சில நாட்களில்தான் ஈப்போவில் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, சிம்மோர் பக்கத்துத் தாமான்களில் பல வீடுகளின் பூட்டு திறக்கிறது. தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீடுகள் அவை. பெரியவர்கள் இப்போது மகனோடு கிள்ளானிலோ மகளோடு ஜொகூர் பாருவிலோ இருக்கிறார்கள். வீடு மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது. திறந்ததும் கூட்டிப் பெருக்கிக் குழாயைத் திருப்பினால் பச்சைத்தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறது. ஹீட்டரைப் போட்டு ஷவரைத் திறந்தால் நூல்போல் இறங்குகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டிய நாளில் பாட்டியின் தலையில் உள்ள சீயக்காயை அலச அது போதாது.

உடனே வீட்டில் யாராவது ஒரு மாமா தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “சுண்ணாம்பு அடைச்சிருச்சு. ஈப்போ தண்ணியாச்சே! புதுசு வாங்கி மாட்டிடுங்க.” மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நூற்றுக்கணக்கான ரிங்கிட் அதில் அடங்கியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, தண்ணீர் எந்தப் பாறை வழியாக வந்தது, எந்தப் பொருளைத் தொட்டது, எங்கே தேங்கியது என்ற முழுக் கதையும் அந்த மெல்லிய தாரைக்குள் இருக்கிறது.

சுண்ணாம்பின் மேல் சந்தேகம் விழுவது இயல்புதான். ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் குன்றுகள் எல்லாமே சுண்ணாம்புக்கல். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்தவை. குனோங் ராப்பாட் குகைக் கோயில்கள், குனோங் சீரோவில் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் கல்லுமலைக் கோயில், கோப்பெங் பக்கத்து குவா தெம்புரோங் எல்லாம் அந்தக் கல்லில் தண்ணீர் குடைந்த இடங்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அதனால் இலேசாகப் புளித்த அந்த நீர் கல்லைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து செல்கிறது. குகைக் கூரையில் வந்து சொட்டும்போது வாயு காற்றில் பறந்துவிடுகிறது. வாயு இல்லாமல் கரைந்திருக்க முடியாத கால்சியம் கார்பனேட் மறுபடி கல்லாகப் படிகிறது. கூரையிலிருந்து தொங்கும் விழுதுகள் அப்படி வளர்ந்தவைதான், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வேகத்தில்.

ஹீட்டரில் நடப்பதும் இதே வேதியியல்தான், வேகம் மட்டும் அதிகம். சூடு ஏறினால் கரியமில வாயு தண்ணீரில் தங்காது. உப்பும் சர்க்கரையும் சூடான நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூட்டில் குறைவாகத்தான் கரையும். ஆகவே தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால், பச்சைத்தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு, மிக அதிகமாகச் சூடாகும் இடத்தைத் தேடிப் போய் அது படியும். மாமாவின் கட்சிக்கு இது வலுவான சாட்சி.

ஆனால் ஈப்போவின் குழாய்த் தண்ணீர் அந்தக் குன்றுகளிலிருந்து வருவதில்லை. கிந்தா ஆறு பிறப்பது கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரில். அந்த மலைத்தொடர் கருங்கல், அதாவது கிரானைட். கிந்தாப் பள்ளத்தாக்கை உலகம் அறியச் செய்த ஈயமும் அந்தக் கிரானைட்டோடு வந்ததுதான். தஞ்சோங் ரம்புத்தானுக்கு மேலே உலு கிந்தாவில் அணை கட்டித் தேக்குவது காட்டு மழையில் பிறந்து, கரையாத கருங்கல் மேல் ஓடிவந்த தண்ணீரை. கிரானைட் கால்சியத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. மலேசியாவில் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வரும் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர்தான். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை தெரிகிறது என்பதற்காக ஹீட்டருக்குள்ளும் சுண்ணாம்புதான் இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது.

கிணறும் ஆழ்துளைக் குழாயும் வேறு கதை. குன்றுகளின் அடிவாரத்தில், பள்ளத்தாக்குத் தரையின் அடியில் கிடக்கும் பாறையும் பல இடங்களில் சுண்ணாம்புக்கல்லே. அங்கே தோண்டி எடுக்கும் நீர் கடினமாக இருக்கும். தோட்டங்களில் குழாய் நீர் வருவதற்கு முன்பு லயத்துப் பெண்களுக்கு இது கைவந்த அறிவு. இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது, வெந்நீர் போடும் பானையின் அடியில் வெள்ளையாக ஓடு பிடிக்கும் என்று சொல்வார்கள். மூன்றும் ஒரே காரணம். கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுகிறது. சவுக்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதில் திரிதிரியாகத் திரள்கிறது. சூட்டில் பானையடியில் படிகிறது. ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கடினநீர், 180-க்கு மேல் மிகக் கடினநீர் என்று அளந்து சொல்வதை அவர்கள் அடுப்படியிலேயே தரம் பிரித்திருந்தார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் பழைய கெட்டிலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளை ஓடு இல்லையென்றால் ஹீட்டரிலும் பெரிதாக இருக்காது.

சரி, சுண்ணாம்பு இல்லையென்றால் வேறு என்ன? கண்டுபிடிக்குமுன் ‘மெலிந்தது’ என்பதற்கு ஓர் எண் வேண்டும். ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றை எடுத்து ஷவர் கைப்பிடிக்குக் கீழே பிடியுங்கள். முப்பது வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர். பக்கத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயிலும் அதே போத்தலைப் பிடியுங்கள். பத்து வினாடியில் நிறைந்தால் 9 லிட்டர்.

இந்த 3 லிட்டர் கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம். நம் குளியலறைகளில் மாட்டியிருப்பது தொட்டியில்லாத ஹீட்டர். தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிறது. 3.6 கிலோவாட் ஹீட்டர் ஒரு நிமிடத்தில் தருவது 216 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரி ஏறும். கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 27 டிகிரி என்றால் தலையில் விழுவது 44 டிகிரி. நல்ல சூடு. ஆறு லிட்டர் ஓடவிட்டால் 9 டிகிரிகூட ஏறாது. கிடைப்பது 36 டிகிரி, உடம்புச் சூட்டுக்கும் கீழே. அதனால் செய்பவர்களே நீர் நுழையும் இடத்தில் ஓட்டத்தைக் குறைக்கும் திருகு ஒன்றை வைத்திருப்பார்கள். போன ஆண்டும் இதே அளவுதான் வந்தது என்றால் நீங்கள் சண்டை போடுவது இயற்பியலோடு. போன ஆண்டு 4 லிட்டர் வந்து இப்போது 2 என்றால் எங்கோ அடைப்பு. அடைப்பு முற்றினால் இன்னொரு குழப்பமும் சேரும். ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் ஓட்ட ஸ்விட்ச் மின்சாரத்தையே விடாது. தண்ணீர் வருகிறது, சூடில்லை. ‘காயில் எரிந்துவிட்டது’ என்று கழற்றி எறியப்படும் ஹீட்டர்களில் சில, வழி அடைத்துக்கொண்டவை மட்டுமே.

அடைப்பைத் தேடுவதில் அழுத்தம் நம்மை ஏமாற்றும். குழாயை மூடி வைத்திருக்கும்போது அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் ஒன்றுதான். தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் அடைப்பு தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். எனவேதான் திறந்த நொடியில் ‘புஸ்’ என்று பாய்ந்து, அடுத்த நொடியில் தளர்கிறது. இந்தக் குணம் தெரிந்தால் வழியில் எங்கோ நெரிசல் என்று அறியலாம். தொடக்கத்திலிருந்தே சோர்ந்து வந்தால் மேலே தொட்டியில் நீர்மட்டமும், யாரோ பாதி மூடிவிட்டுப் போன வால்வும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

பிறகு பாதையைப் பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஷவர் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் கூடினால் குற்றவாளி கைப்பிடியின் சிறு துளைகள். கூடவில்லையென்றால் ஹோஸையும் கழற்றி ஹீட்டரின் வாயிலேயே பாருங்கள். அங்கும் அதே நிலை என்றால் கோளாறு ஹீட்டருக்குள்ளோ அதற்கு முன்போ இருக்கிறது. இதற்கெல்லாம் ஹீட்டர் மின்சாரம் மெயினிலேயே அணைந்திருக்க வேண்டும். ஹீட்டரின் மூடியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் தைரியத்துக்கு இடமில்லை.

மூடிக் கிடந்த வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் முனை. வால்வை மூடி அந்த இணைப்பைக் கழற்றினால் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். பலர் வீட்டில் அது இருப்பதே தெரியாது. அதைத் தட்டி ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். கூரைத் தொட்டியின் அடியில் மாதக்கணக்காகப் படிந்த வண்டல், வீட்டைத் திறந்து தொட்டி மறுபடி நிரம்பும்போது கலங்கி, வந்து சிக்கிக்கொண்டது இங்கேதான். தட்டில் கிடப்பதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கினால் கார்பனேட், மாமா சொன்னதே சரி. பொங்காமல் நறநறவென்று கிடந்தால் மணல். பழுப்பாக விரலில் ஒட்டினால் பழைய இரும்புக் குழாயின் துரு. குனோங் சீரோவின் கல்லைக் குடைந்த அதே அமில வினையைத் தட்டில் நிறுத்திச் சாட்சி கேட்கிறோம். காசு செலவில்லாத பரிசோதனை, பொய் சொல்லாது.

கறுப்பாக, அமுக்கினால் நசுங்கி மை போல் இழுபடும் துகளும் சில வீடுகளில் கிடைக்கும். அது ரப்பர். இதைப் பேராக்கில் உட்கார்ந்து கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. 1877-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட நாற்றுகளோடு இந்த மாநிலத்தில் ரப்பர் வேரூன்றியது. பிறகு தமிழர்களின் மூன்று நான்கு தலைமுறை அந்த மரங்களுக்கு நடுவே விடிவதற்கு முன் எழுந்து நடந்தது. மரத்திலிருந்து வரும் ரப்பர் ஐசோப்ரீன் என்ற சிறு கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு. சங்கிலிகளைக் கந்தகத்தால் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுப் பயனுள்ள ரப்பராக்கும் வல்கனைசிங் முறைக்கு வழி தந்ததே அந்த இரட்டைப் பிணைப்புதான். ஆக்சிஜன், ஓசோன், குளோரின் எல்லாம் வந்து தாக்குவதும் அங்கேதான். சூடு சேர்ந்தால் தாக்குதல் வேகமெடுக்கும். சங்கிலி அறுந்தால் ரப்பர் பிசுபிசுக்கும், முடிச்சு மிகுந்தால் விறைத்து வெடிக்கும்.

அதனால் இன்றைய நல்ல சுடுநீர் வாஷர்களில் தோட்டத்து ரப்பர் இல்லை. எத்திலீன், புரொப்பிலீன் சேர்த்துச் செய்யும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது. அதற்கும் வயதாகும், மெதுவாக. மலிவான வளைகுழாய்களின் உட்புறம் குளோரின் கலந்த நீரில் அரித்து, உரிந்து, கரித்தூள் கலந்த துகள்களை விடும். சில சமயம் உட்சுவர் மடிந்து வழியையே மூடிவிடும். வெளியே பளபளக்கும் எஃகுப் பின்னலைப் பார்த்து அது தெரியாது. இரண்டு பக்கமும் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். கறுப்புத் துகள் கிடைத்தால் சல்லடையைக் கழுவி மாட்டுவதோடு நிற்காமல் குழாயையும் வாஷரையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மறுபடி அடைக்கும்.

சுண்ணாம்பு ஓடுதான் என்று வினிகர் காட்டிக்கொடுத்தால், அது எவ்வளவு கெடுதி செய்யும்? 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தால் மீதி 11. வாய்ப் பரப்பு ஏறத்தாழ பாதியாகும். தண்ணீர் சுழித்து ஓடும் நிலையில் ஓட்டம் விட்டத்தின் இரண்டரை மடிப்படி குறைவதால் பாதிக்கும் கீழே, 46 விழுக்காட்டுக்கு இறங்கும். அமைதியாக ஓடும் மெல்லிய குழாயில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நான்காம் மடி விதி. இந்த விதியை 1840-களில் நிறுவிய புவாஸெயி பாரிஸில் ஒரு மருத்துவர். அவர் அறிய விரும்பியது நுண்குழல்களில் இரத்தம் ஓடும் விதத்தை. இதயக் குழாயில் ஏற்படும் சிறு அடைப்பு ஏன் அவ்வளவு ஆபத்து என்பதும், ஹீட்டர் குழாயில் ஏறும் சிறு ஓடு ஏன் அவ்வளவு தொந்தரவு என்பதும் ஒரே சமன்பாடு.

ஓட்டைக் கரைக்க அமிலம் வேண்டும். கழற்றக்கூடிய சல்லடையையும் ஷவர் தலையையும் வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ இரவு முழுக்க ஊறவைத்தால் போதும். தோட்டத்துப் பழக்கமுள்ளவர்கள் ரப்பர்ப் பால் உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தை நினைப்பார்கள். அது சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆலைகளில் ஓடு நீக்கவும் பயன்படுகிறது. ஆனால் தோலைப் பொசுக்கும், ஆவி நுரையீரலைத் தாக்கும். மூடிய குளியலறைக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

எல்லாம் சுத்தம், இருந்தும் மெலிவு என்றால் காற்று. மாதக்கணக்கில் மூடிய வீட்டில் தொட்டி வற்றி, குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கும். ஒருமாடி வீட்டில் கூரைத் தொட்டிக்கும் ஷவருக்கும் உயரவித்தியாசம் ஒரு மீட்டர்தான் இருக்கும். அது தரும் அழுத்தம் 0.1 பார். கூரைக்குள் ஏறி இறங்கும் குழாயின் மேட்டில் தங்கிய காற்றுக் குமிழைத் தள்ள அந்த வலு போதாது. அடுப்படிப் பச்சைத்தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் தெருக்குழாயிலிருந்து நேரே வருவது, அழுத்தம் பல மடங்கு கூடுதல். அங்கிருந்து ஒரு சுத்தமான ஹோஸைக் கொண்டுவந்து, தொட்டி நீர் வரும் குளியலறைக் குழாயோடு இறுக்கமாக இணைத்து இரண்டையும் சில வினாடி திறந்தால் தண்ணீர் எதிர்த்திசையில் போய்க் காற்றைத் தொட்டிக்கே தள்ளிவிடும். முடிந்ததும் முதலில் தெருக்குழாயை மூடி ஹோஸை எடுத்துவிட வேண்டும். குடிநீர்க் குழாயோடு தொட்டி நீர் நிரந்தரமாக இணைந்திருக்கக் கூடாது.

பனிநாடுகளில் வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் வீடுகளில் இந்தக் கோளாறுக்கு வேறு உருவம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும், குழாயைப் பிளந்துவிடும். ஆகவே குளிர்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் வடித்து, சுடுநீர்த் தொட்டியைத் தவிர்த்துச் செல்லும் மாற்றுவழி வால்வுகளைத் திருப்பிவிட்டு, குழாய்களில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத் திரவத்தை நிரப்பி நிறுத்திவைப்பார்கள். வசந்தத்தில் வண்டியை எடுக்கும்போது வால்வுகளில் ஒன்றைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் சுடுநீர் மெலியும், அல்லது வெதுவெதுப்பாக மட்டும் வரும். தொட்டியின் வெளிவாயில் தண்ணீரை ஒருபக்கமாக மட்டும் விடும் வால்வு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பனி நமக்கில்லை. வீட்டை மூடும்போது மூடிய வால்வை நினைவாய் முழுக்கத் திறப்பதும், பச்சைத்தண்ணீர் நன்றாக வருகிறதா என்று ஒப்பிடுவதும் அங்கும் இங்கும் ஒன்றே.

ஓட்டம் சரியானதும் உடனே தலையை நனைத்துவிட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1976-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் புதுவிதமான நிமோனியாவால் இறந்தார்கள். காரணமான லெஜியனெல்லா பாக்டீரியா தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வளர்கிறது. 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு உகந்த சூடு. 60 டிகிரிக்கு மேல் அழிகிறது. பேராக் வெயிலில் கூரைத் தொட்டி ஆண்டு முழுக்க அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. குடித்தால் பொதுவாக ஒன்றும் செய்யாது. ஷவர் உண்டாக்கும் நுண்ணிய திவலைகளோடு நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிக் கட்டடங்கள் மாதக்கணக்கில் மூடியபோது, உலகெங்கும் நீர்ப்பொறியாளர்கள் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்.

எனவே தொட்டியை வடித்து, அடிவண்டலைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். குளியலறை ஜன்னலைத் திறந்து, ஷவர் தலையைக் கழற்றி ஹோஸின் வாயை வாளிக்குள் தாழ்த்தி வைத்து, திவலை பறக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் இதைச் செய்ய வேண்டும், யாரும் புழங்காத பின்கட்டுக் குழாய் உட்பட. சுடுநீரைத் தொட்டியில் தேக்கி வைக்கும் வகை ஹீட்டர் என்றால் 60 டிகிரிக்கு ஏற்றிச் சில மணி நேரம் விட்டு, பிறகு அந்த நீரையும் ஓட்டிவிடுங்கள். கை வெந்துவிடும் சூடு, குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், ஆஸ்துமாவோ நீரிழிவோ உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யாமல், வீட்டில் உள்ள இளையவர்கள் செய்து முடித்த பிறகு குளிக்கட்டும்.